நல்லாய் ஓடுது

சாவி இல்லை. ஊசல் இல்லை. பற்றரியும் இல்லை.
என்னுடைய பதினான்கு மணிக்கூடுகளும்
சுவர்ப் பிளக்கில் வாய் வைத்து உயிர் வாழ்பவை.
டிக் டிக் எண்டு ஒன்றும் சொல்லாது.
காதை ஒட்டினால் மட்டும்
அடுத்த அறையில் யாரோ
வாய் திறக்காமல் முணுமுணுப்பதுபோல் ஒரு ரீங்காரம்.
செக்கன் முள் துள்ளாது,
தட்டில் எண்ணெய் வழுக்குவதுபோல் போகும்.

லக்சபானவில் சுழலி சுற்றுகிற கணக்கில்தான்
வெள்ளவத்தையில் என் முள் சுற்றுகிறது.
செக்கனுக்கு ஐம்பது துடிப்பு.
பின்னேரம் ஏழரைக்கு முழுக் கொழும்பும்
றைஸ் குக்கரைப் போட
அது நாற்பத்தொன்பது சொச்சமாகும்.
பதினான்கு முள்ளும் சேர்ந்து தயங்கும்.
கண்ணுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.
"உனக்கு விசர்" என்பார் அருமைநாயகம்,
கரண்ட் பில்லை விரித்தபடி.
ஒன்றுக்கு இரண்டு வாற்ஸ்தான், என்பேன்.
பதினான்கு, என்பார்.

மின்வெட்டு வருசம்
அவை இரண்டு சாதியாய்ப் பிரிந்தன.
ஒரு சாதி, கரண்ட் வந்ததும் தானாய் எழும்பி
விட்ட இடத்திலிருந்து ஓடும்,
ஒன்றும் நடக்காததுபோல்.
போனில் நேரம் பார்த்துக் கழிப்பேன்:
நான் கந்தோரில் இருந்த பகலில்
வீடு நாலு மணி பன்னிரண்டு நிமிடம் செத்துக் கிடந்தது.
ஒரேயடியாகவா, மூன்று தவணையிலா
அது சொல்லாது. கூட்டுத்தொகை மட்டும்.
கணக்கு எழுதிப் பிழைக்கிறவளுக்கு அது போதும்.

மற்றச் சாதி எழும்பாது.
பின்னாலிருக்கும் குமிழை விரலால் சுண்டவேண்டும்.
அதுவரை
வெட்டுப்பட்ட நிமிடத்தைப் பிடித்தபடி நிற்கும்.
பிழையான பக்கம் சுண்டினால்
பின்னுக்கு ஓடும்,
அதே வேகம், அதே ஒழுங்கு,
கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

கோட்டையில் மூடிய காப்புறுதிக் கந்தோர் ஒன்றின் மணிக்கூடு
பஞ்சிகாவத்தையில்
பழைய டைனமோக்களுக்கு நடுவே கிடந்தது.
கறுப்பு பேக்கலைற். கண்ணாடியில் ஒரு கீறல்.
விமலதாச எண்ணாயிரம் கேட்டான்.
எலி கடித்த வயரைக் காட்டி
ஐயாயிரத்துக்கு முடித்தேன்.
சிங்களத்தில் பேரம் பேசும்போது
என் குரல் எனக்கே கொஞ்சம் புதிது.

மேசையில் பேப்பர் விரித்துக் கழற்றினேன்.
மூடியின் உட்பக்கம் ஒட்டிய கடதாசியில்
பென்சிலால், நேரான சின்னத் தமிழ்:

71.02.09 எண்ணெய் விட்டது. நல்லாய் ஓடுது.
74.11.18 எண்ணெய். நல்லாய் ஓடுது.
79.03.05 சுருள் மாற்றியது. நல்லாய் ஓடுது.
83.07.22 வெள்ளி. எண்ணெய். நல்லாய் ஓடுது.

அதற்குக் கீழே வேறு கை. சாய்ந்த சிங்களம்:

96.05.25 ஒரு மணி முன்னுக்கு.
96.10.26 அரை மணி பின்னுக்கு.
2006.04.15 அரை மணி பின்னுக்கு.

நாட்டின் நேரத்தை இழுத்து இழுத்துக் கடைசியில்
தொடங்கின இடத்திலேயே விட்டிருக்கிறார்கள்.
கூட்டிக் கழித்தேன். மிச்சம் பூச்சியம்.

இரண்டு கைக்கும் நடுவே
ஒரு விரல் அகலம் வெறும் கடதாசி.
அதை எந்தப் பக்கத்தில் வரவு வைப்பது?

வயர் மாற்றினேன். ஊசி நுனியில் ஒரு சொட்டு எண்ணெய்.
குமிழைச் சுண்டினேன்.
முள் பின்னுக்குப் போனது.
பன்னிரண்டு, பதினொன்று, பத்து,
பிளக்கைப் பிடுங்கினேன்.
அந்த வழியாய் அந்த வெள்ளிக்குப் போவதென்றால்
திங்களைக் கடக்கவேண்டும்.

இரண்டாம் தரம் சரியான பக்கம். ஓடியது.

அருமைநாயகம் எட்டிப் பார்த்தார்.
"இது காட்டுற நேரம் சரியோ?"
மேல் மாடியில் தண்ணி மோட்டர் தொடங்க
லைற் ஒருக்கால் மங்கி வந்தது.
நான் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன்,
இன்றைய திகதியை அடியில் எழுதுவதா
அந்த விரலகலத்தில் எழுதுவதா
எண்டு முடிவில்லாமல்.